இந்த வயதிலா?

“இந்த வயதிலா?”

இரண்டே சொற்கள், தோழர்களே! கேட்பதற்குக் கேள்விபோல் இருக்கும்; உண்மையில் அது கேள்வியன்று, தீர்ப்பு. எழுத்தறிய விழைந்த பாட்டியின் கையிலிருந்து ஏடு பிடுங்கப்பட்டது இந்தத் தீர்ப்பினால். மறுமணம் நாடிய கைம்பெண்ணின் வாய் அடைக்கப்பட்டது இந்தத் தீர்ப்பினால். பிறர் இதை வழங்கக் கண்டால் பதறிடுவோம். ‘பழமையின் பிடி’ என்று பக்கம் பக்கமாக எழுதிடுவோம். ஆனால் சில திங்களுக்கு முன்பு, கொரட்டூர் ஏரிக்கரையிலே, அறுபத்தொரு வயதுப் பெரியவர் ஒருவருக்கு அதே தீர்ப்பை வழங்கியவர் வேறு எவருமல்லர், நாமே! வழங்கியதோடு நின்றோமா? சிரிக்கவும் செய்தோம்.

அந்தச் சிரிப்பு தகுமா, தகாதா என்பதை எண்ணிப் பார்த்திடவே இதனை எழுதுகிறோம்.

பெரியவர் நம் தெருக்காரர். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே முப்பத்தைந்து ஆண்டுகள் லேத்து எந்திரத்தின் முன் நின்றவர். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். சுழலும் இரும்புத் தண்டை, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடாமல் குறையாமல் கடைந்தெடுத்த கை அவருடைய கை. ஓய்வு பெற்ற பின், மாலை வேளைகளில் ஏரிக்கரையில் உலவுவார். பள்ளி விட்டு வரும் நாமும் உடன் நடப்போம். ஏரியின் நிலை யாவரும் அறிந்ததே. கழிவுநீரும் கலக்கிறது, கூழைக்கடாவும் வருகிறது, எது முதலில் ஓயும் என்று சொல்வதற்கில்லை! அன்று ஒரு கூழைக்கடா, கனத்த உடலைத் தூக்கிக்கொண்டு, தண்ணீரைக் காலால் உதைத்து உதைத்து ஓடியது. ‘இது எங்கே எழும்பப் போகிறது’ என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கையிலேயே எழும்பி, வட்டமிட்டு, மரங்களுக்கு மேலே சென்றது. தொலைவிலே, மீனம்பாக்கத்தை நோக்கி ஒரு விமானம் தாழ்ந்துகொண்டிருந்தது. பெரியவர் இரண்டையும் பார்த்தார். பிறகு கேட்டார்:

“தம்பி, என் வயசிலே ஒருத்தன் விமானம் ஓட்டக் கத்துக்கிட்டு, தனியா மேலே போய்ட்டு வர முடியுமா? சட்டம் ஒத்துக்குமா?”

“இந்த வயதிலா, ஐயா?” என்றோம், சிரித்தோம். அவரும் சிரித்தார், நமக்குச் சங்கடம் நேர்ந்திடலாகாதே என்பதற்காக. அவர் சிரிப்பிலே இருந்த பண்பு நம் சிரிப்பிலே இல்லை என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்றொரு பழமொழி உண்டு. பள்ளிக்கூடத்துச் சுவரிலேகூட எழுதி வைத்திருக்கின்றனர். குழந்தையை வளைப்பதுதான் கல்வி என்று கருதிய காலம் ஈன்ற மொழி அது. மனிதன் என்ன மூங்கிலா, இளசாக இருக்கும்போதே வளைத்துக் கட்டிட? அதுவும், முப்பத்தைந்து ஆண்டுகள் எந்திரத்தின் முன் முதுகு வளைந்தே நின்ற மனிதர் நம்மிடம் வந்து வளைய வழி கேட்கவில்லை. நிமிர வழி கேட்டார்.

வாழ்வை நான்கு கூறாக வெட்டி, இன்ன வயதில் இன்னது செய்க என்று வகுத்தனர் சாத்திரக்காரர். மகனுக்கு மகன் பிறந்ததும் காட்டுக்குப் புறப்படு என்றது அந்த ஏற்பாடு. கொரட்டூரிலே காடு ஏது? ஆகவே, திண்ணைக்குப் போ என்றோம். அடுக்குமாடி வந்து திண்ணையும் ஒழிந்தது. ஆகவே, தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே போய் அமர் என்கிறோம். அறுபதாம் ஆண்டு நிறைவென்று மாலை சூட்டி, மந்திரம் ஓதி, குடம் குடமாகத் தலையிலே நீர் ஊற்றி ஒரு விழா! மறுநாள் காலை, அந்த மனிதர் ஒரு புதிய விருப்பத்தை வெளியிட்டால், வீடே நகைக்கிறது. நீர் ஊற்றியது வாழ்த்திடவா, அணைத்திடவா என்ற ஐயம் எழத்தானே செய்யும்?

சட்டம் ஒத்துக்கொள்ளுமா என்று அவர் கேட்டாரல்லவா? அதைத் தேடிப் படித்தோம். வெட்கப்பட்டோம். நம்மைவிட சட்டம் முற்போக்காக இருக்கக் கண்டால் வெட்கம் வராதா? இந்நாட்டு விதிகளின்படி, பயிற்சி பெற 16 வயதும், சொந்தப் பறத்தலுக்கான தனியார் விமானி உரிமம் பெற 17 வயதும் நிரம்பியிருக்க வேண்டும்; பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும்; குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; மருத்துவர் உடலைச் சோதித்துத் தகுதி கூற வேண்டும். கீழ்வரம்பு உண்டு, மேல்வரம்பு கிடையாது. பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழில் விமானிக்கு 65 என்று எல்லை கட்டியிருக்கின்றனர். தன் பொருட்டுப் பறப்பவருக்கு அந்த எல்லை இல்லை. வயது ஏற ஏற மருத்துவச் சோதனை அடிக்கடி வரும், அவ்வளவே. அரசு கேட்பது பிறந்த ஆண்டையன்று. கண்ணையும் காதையும் இதயத்தையும்!

இன்னும் தேடினோம். விமானத்துக்கும் சென்னைக்கும் உள்ள உறவே ஒரு நடுத்தர வயதுக்காரரிடமிருந்துதான் தொடங்குகிறது என்று கண்டு வியந்தோம். ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ் என்பவர் கார்சிகா தீவுக்காரர். மவுண்ட் ரோடிலே உணவு விடுதி நடத்தியவர். இனிப்புப் பண்டம் செய்வதில் பெயர் பெற்றவர். 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னையில் கடை விரித்தவர். ஆகவே 1910இல் அவர் மீசை அரும்பும் வாலிபராக இருந்திருக்க வழியில்லை. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17இல் 12 விநாடி பறந்தனர். 1909 ஜூலையில் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அடுப்பையும் அப்பத்தையும் கவனித்துக்கொண்டிருந்த விடுதிக்காரருக்கு ஆசை பிறந்தது. கோச்சு வண்டி கட்டுவதில் பேர்போன சிம்ப்சன் நிறுவனத்தாரின் துணையுடன், தம் மனத்திலிருந்த வடிவப்படியே ஒரு விமானம் கட்டுவித்தார். பல்லாவரத்திலே அதைப் பறக்கவிட்டுப் பார்த்தார். 1910 மார்ச்சிலே சென்னை மக்கள் கட்டணம் கொடுத்து அதைக் கண்டனர்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அவருக்குக் கற்றுத்தர இந்த ஊரில் எவர் இருந்தார்? பக்கத்து இருக்கையில் அமர்ந்து, ‘இப்படியல்ல, அப்படி’ என்று சொல்லிட ஓர் ஆசான் உண்டா? முதல் பறத்தலே தனிப் பறத்தல்! “அப்பம் சுடுபவனுக்கு ஆகாயம் எதற்கு?” என்று அன்றும் எவரேனும் கேட்டிருப்பர். கேட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

இனி, ஒரு மூதாட்டியின் வரலாறு. சீமாட்டி என்று சொல்ல வேண்டும்; பெட்ஃபோர்டு கோமகள் மேரி. பட்டம் நம்மை மயக்கவில்லை; அவர் வாழ்வு மயக்குகிறது. 1865இல் பிறந்தவர். தந்தை இந்தியாவில் பணிபுரிந்த பாதிரியார். 1888இல் கல்கத்தாவை அடுத்த பாரக்பூரிலே திருமணம். கோமகளாகி மாளிகையிலே சாய்ந்திருந்தாரா? இல்லை. மருத்துவமனை ஒன்றை ஏற்படுத்தி, அதிலே தாமே செவிலியாகவும், ஊடுகதிர்ப் படம் எடுப்பவராகவும் உழைத்தார். பறவைகளை நோக்கிக் குறிப்பெழுதுவதிலே பெருவிருப்பம். நம் ஏரிக்கு வந்திருந்தால் கரையை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். காது மந்தம், ஓயாத இரைச்சல் வேறு செவிக்குள்ளே. அறுபதைத் தாண்டிய பிறகுதான் முதன்முதலாக விமானம் ஏறினார். வானிலே செவியின் தொல்லை குறைந்ததாம்! 1929 ஆகஸ்டில், தேர்ந்த விமானிகளுடன் இங்கிலாந்திலிருந்து கராச்சி வரை சென்று எட்டு நாளுக்குள் திரும்பினார். கப்பலில் வாரக்கணக்கில் மக்கள் மிதந்த காலம் அது. உடன்சென்றது போதாதென்று தாமும் ஓட்டக் கற்றார். 1930இல், 64 வயதில், முதன்முறையாகத் தனியே எழும்பினார்.

இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டால் இனிக்கும். முடிப்பது நேர்மையன்று. 1937 மார்ச்சிலே, தனியே பறந்த நேரம் 200 மணியாக நிறைவதற்கு ஒரு மணிக்கும் குறைவாகவே எஞ்சியிருக்க, அதனை நிறைவு செய்யப் புறப்பட்டார். பனி பொழிந்த வானிலை. திரும்பவில்லை. விமானத்தின் சிதறல்கள் கடலோரத்தில் ஒதுங்கின, உடல் கிட்டவில்லை. வயது 71.

“பார்த்தீர்களா? இதற்குத்தான் சொன்னோம், இந்த வயதிலா என்று!” — குரல் கேட்கிறது. அந்தக் குரலுக்கு விடை கூறாமல் நழுவுவது பகுத்தறிவாளனுக்கு அழகன்று. கேரளத்திலே கார்த்தியாயினி அம்மா 2018இல், தம் 96ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வெழுதி நூற்றுக்கு 98 பெற்றார். நாடு கைதட்டிற்று, நாமும் தட்டினோம். ஆனால் எழுத்து எவரையும் கீழே தள்ளிக் கொல்வதில்லை. விமானம் கொல்லும். ஓட்டுபவரை மட்டுமா? கீழே வீடுகளும் உள்ளன. ஆகவே, ‘ஆசைப்பட்டார், விடுங்கள்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

சாதியைப் போலத்தான் வயதும், பிறப்பினால் வந்தது, ஆகவே அதை வைத்துத் தடுப்பது அநீதி என்று ஒரு நண்பர் முழங்கினார். முழக்கம் நன்றாயிருக்கிறது, வாதம் நன்றாயில்லை. எந்தக் குலத்திலே பிறந்தாலும் கண் மங்குவதில்லை, கை தளர்வதில்லை. குலம் உடலுக்கு ஒன்றும் செய்வதில்லை. ஊராரின் புத்திக்கே எல்லாம் செய்கிறது. வயதோ உடலுக்கும் சில செய்கிறது. அறுபதில் கற்பவருக்கு இருபதில் கற்பவரைவிடக் கூடுதல் மணிநேரம் பிடிக்கும். கண்டதும் கை இயங்குவது சற்றே தாமதிக்கும். இதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. ஆனால் என்ன செய்திருக்கிறது, எவ்வளவு செய்திருக்கிறது என்பதை அளந்து பார்த்திட வேண்டுமேயன்றி, ஆண்டுகளை எண்ணி முடிவு கட்டலாகாது. தண்டின் கனத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவாரா நம் பெரியவர்? மைக்ரோமீட்டர் வைத்தன்றோ சொல்வார்!

கோமகள் அன்று புறப்பட்டிருக்கக்கூடாது என்றே நாமும் எண்ணுகிறோம். ஆனால் ‘அன்று’ என்பதைத்தான் அழுத்திச் சொல்வோம். ‘அந்த வயதில்’ என்பதையன்று. அந்தப் பனியில் இருபத்தைந்து வயது இளைஞன் புறப்பட்டிருந்தாலும் தவறே. இளைஞன் மாண்டால் வானிலையைப் பழிக்கிறோம்; மூதாட்டி மாண்டால் வயதைப் பழிக்கிறோம். உயிரைத் துச்சமென மதிப்பதே வீரம் என்று பாடும் மரபு நமக்கு உடன்பாடன்று; அவர் இறந்தார் என்பதற்காக அவரைப் போற்றவில்லை. அறுபத்து நான்கு வயதில் ஒரு புதிய பொறுப்பை முழுமையாகத் தம் தலையில் ஏற்றாரே, அதனைப் போற்றுகிறோம். 1929இல் விமானி உரிமம் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டா, 1982இல் 78 வயதில், கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பழைய சிறு விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார். அது பழகிய கை. பழகாத கை, பழகத் துணிவது வேறு வகை.

பொறுப்பு என்றோம். தனிப் பறத்தல் என்பதன் உட்பொருளே அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. முறை இப்படி: மாணவரும் ஆசானும் அருகருகே அமர்ந்து பல மணிநேரம் பறப்பர். எழும்புதல், வட்டமிடுதல், இறங்குதல். எந்திரம் நின்றுபோனால் செய்வது என்ன என்ற பாடம். இறக்கை பிடி விட்டுவிட்டால் மீள்வது எப்படி என்ற பாடம். இந்தக் கடைசிப் பாடம் வேடிக்கையானது. மூக்கை மிகுதியாக நிமிர்த்தினால், இறக்கையின் மேலே ஓடும் காற்று குலைந்து, தாங்கும் வலு போய்விடும். விமானம் கீழே சரியும். சரிகிறபோது மனிதனின் அச்சம் என்ன சொல்லும்? ‘பிடியை உன் பக்கம் இழு, மேலே தூக்கு’ என்று சொல்லும். இழுத்தால் மேலும் விழும்! முன்னே தள்ள வேண்டும். விழும் திசையிலேயே மூக்கைத் தாழ்த்தி, வேகம் பெற்று, பிறகு நிமிர வேண்டும். அச்சம் சொல்வதற்கு நேர்மாறானதைக் கை செய்யும்வரை பழக்குவர். இருபது வயதில் அச்சம் மெல்லிய குரலில் பேசும். அறுபதில் உரத்துப் பேசும். அதை மீறக் கைக்குக் கற்பிப்பது எவ்வளவு பெரிய வேலை!

பிறகு ஒருநாள், எச்சரிக்கை எதுவுமின்றி, ஆசான் ஓடுதளத்தோரம் விமானத்தை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து இறங்கிவிடுவார். “ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள்” என்பார். அவ்வளவுதான். ஓராள் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிட விரைந்து எழும்பும். பக்கத்து இருக்கை காலி. தவறினால் கை நீட்டித் திருத்த எவருமில்லை. பிறர்மேல் பழிபோட வழியுமில்லை. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அந்தச் சுற்று.

ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு, ஏறுபவரைவிட இறங்குபவர்மீதே கண் செல்கிறது. எவ்வளவு துணிவு வேண்டும் அந்த இறக்கத்துக்கு! நம் வகுப்பிலே, கரும்பலகையின் முன் ஒரு மாணவனை நிறுத்திக் கணக்கைப் போடச் சொல்கிறோம். இரண்டாம் வரியில் தடுமாறினால் போதும், சுண்ணக்கட்டியைப் பிடுங்கி நாமே போட்டுவிடுகிறோம். ‘நேரமில்லை’ என்பது நாம் சொல்லும் காரணம். அவன் தவறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க நெஞ்சமில்லை என்பதே உண்மை. இறங்கத் தெரியாத ஆசானிடம் பயின்றவன் எழும்புவது எங்கே? பெரியவரிடம் நாம் சிரித்ததும் இதே நோய்தான். பிள்ளைகளிடம் ‘இன்னும் வயதாகவில்லை’ என்கிறோம். பெரியவர்களிடம் ‘வயதாகிவிட்டது’ என்கிறோம். நடுவிலே சில ஆண்டுகளே மனிதனுக்கென்று விடப்பட்டுள்ளன. அந்த ஆண்டுகளிலோ, ‘வேலைக்கு நேரமாகிவிட்டது’!

மன்னிப்புக் கேட்டிடப் பெரியவர் வீட்டுக்குச் சென்றோம். சென்ற இடத்தில்தான் உண்மையான சிக்கல் காத்திருந்தது. பறப்பதற்கு மணிக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். 40 மணி என்றால் நான்கு லட்சத்தைத் தாண்டும். மகன் நல்லவர், தந்தையை மதிப்பவர். மெல்லத்தான் பேசினார்: “அப்பா ஆசையை நான் தப்புன்னு சொல்லலை சார். பாப்பா அடுத்த வருஷம் காலேஜ் போகணும். அந்தப் பணம் இருந்தா எவ்வளவு உதவி!” பாப்பா நம்மிடம் பயிலும் மாணவி, பதினொன்றாம் வகுப்பு. நன்றாகப் படிப்பவள்.

வாயடைத்து நின்றோம், தோழர்களே. சாத்திரத்தை மறுத்திடலாம், பழமொழியைக் கிழித்திடலாம். பேத்தியின் கல்விக் கட்டணத்தை என்ன செய்வது? கோமகளுக்கு இந்தக் கேள்வி எழவில்லை. விடுதிக்காரருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. செல்வர் பறந்தால் சாதனை என்று ஏடுகள் எழுதும். தொழிலாளி பறக்க விரும்பினால் ஊதாரித்தனம் என்று வீடு பேசும். அவர் ஈட்டிய ஒவ்வொரு காசுக்கும் ஓர் உரிமையாளர் வரிசையில் நிற்கிறார். வரிசையில் அவர் பெயர் மட்டும் இல்லை! மகனின் படிப்புக்கு முதல் சேமிப்பு, மகளின் திருமணத்துக்கு இரண்டாம் சேமிப்பு, வீட்டுக்கு மூன்றாவது. எஞ்சியிருப்பது பணிக்கொடையில் ஒரு பகுதி.

அது அவர் பணம், அவர் விருப்பம் என்று கூறிடலாம். அது சட்டத்தின் விடை. குடும்பத்துக்கென உழைப்பதே கடமை, இறுதிவரை அதுவே என்று கூறிடலாம். அது பழக்கத்தின் விடை. இரண்டும் நமக்கு மனநிறைவு தரவில்லை. ஒன்றை மட்டும் தயங்காது சொன்னோம்: முப்பத்தைந்து ஆண்டு கொடுத்த கை, ஒருமுறை தனக்கென எடுத்துக்கொள்வதற்குக் காரணம் சொல்லி நிற்க வேண்டியதில்லை; காரணம் சொல்ல வேண்டியவர்கள் மறுப்பவர்களே. அதே வேளையில், அந்தப் பெண்ணின் கட்டணம் கட்டப்படாமல் போனால் அவர் ஏறும் விமானத்தில் அவருக்கே மகிழ்ச்சி இராது என்பதையும் அறிவோம். மகன் மறுத்துப் பேசவில்லை. ஒப்பவும் இல்லை.

பெரியவர்தான் கணக்கைத் தீர்த்தார், தொழிலாளியின் முறையிலே. பென்சிலும் பழைய நாட்காட்டித் தாளும் எடுத்தார். “லைசென்சு எனக்கு எதுக்கு? யாரை ஏத்திக்கிட்டுப் போகப் போறேன்? தனியா ஒரு சுத்து. அது எத்தனை மணியிலே வருதோ அத்தோட நிறுத்திக்கறேன். மீதி பாப்பாவுக்கு” என்றார். பாதிப் பணம் மிஞ்சும் என்று காட்டினார். மருமகள் அந்தத் தாளை வாங்கி, கூட்டலை மறுபடியும் சரிபார்த்தார். தவறு இல்லை.

மருத்துவரிடம் சென்று வந்துவிட்டார். கண்ணாடி அணிந்து பறக்கலாம். இரத்த அழுத்தம் அளவாக உள்ளது. இதயத்துக்கு இன்னொரு சோதனை எடுத்து வரச் சொல்லியிருக்கின்றனர். அது தேறாவிட்டால் விட்டுவிடுவேன் என்கிறார், முகத்தில் மாற்றமின்றி. மைக்ரோமீட்டர் காட்டுவதை ஏற்பவர் அல்லவா! வெளியூர்ப் பயிற்சிப் பள்ளி ஒன்றிலிருந்து பாடநூல்களும் வந்துள்ளன, ஆங்கிலம். மாலையிலே ஏரிக்கரைக் கல்லில் அமர்ந்து, பேத்தி படித்துப் பொருள் கூற, அவர் கேட்கிறார். வானிலைப் பகுதி கடினமாக இருக்கிறதாம். அங்கே மட்டும் நம்மை அழைக்கின்றனர்.

நேற்று, இறக்கை பிடி விடும் பாடம். பேத்தி நூலை மூடி வைத்துக்கொண்டு, நம் வகுப்பில் நாம் கேட்கும் தோரணையிலேயே கேட்டாள்:

“தாத்தா, மூக்கு மேலே போயிடுச்சு, விமானம் விழுது. இழுக்கணுமா, தள்ளணுமா?”

பெரியவரின் கை, இல்லாத பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு கணம் தன்பக்கம் வந்தது. நாம் வாய் திறக்கப் போனோம். பேத்தி நம்மைப் பார்த்துச் சைகை காட்டினாள், சும்மா இருக்கும்படி. இருந்தோம். கை நின்றது, பிறகு, மெதுவாக, முன்னே சென்றது.